இரத்தினபுரி நாட்குறிப்பு: நிறம் ஒரு சாட்சியே இல்லை

திங்கள், இரத்தினபுரி

கொழும்பிலிருந்து 100 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ் அதை அரை நாளுக்கு இழுத்துவிட்டது. அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எகலியகொடையில் கொஞ்சம் ஓய்ந்து, குருவிட்டவில் மறுபடி தொடங்கியது. இந்த மழைக்கும் இங்கே கல் கிடைப்பதற்கும் தொடர்பு உண்டு. இன்றைக்கு அதை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப்போகிறேன்.

சன்னல் வழியே பார்த்தால் வயலுக்கு நடுவே ஓலைக்கூரை போட்ட சின்னக் கொட்டகைகள் தெரியும். பார்வைக்குக் காவல் குடிசை. உள்ளே குழி, குழிக்கு அடியில் ஆட்கள்.

இந்தப் பக்கத்து மலைப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. கற்கள் விளைந்ததும் அப்போதுதான். ஆனால் இங்கே கல்லுக்காக யாரும் பாறையை உடைப்பதில்லை. அந்த வேலையை மழை எப்போதோ செய்து முடித்துவிட்டது. பாறை மக்கிச் சரிவில் இறங்கி, ஓடைகள் வழியாகக் களு கங்கையின் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. லேசானதையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட, கனமானது அடியில் தங்கியது. நீலக்கல் அதே அளவுத் தண்ணீரைவிட நான்கு மடங்கு எடை. சாதாரண குவார்ட்ஸ் இரண்டரை மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வெவ்வேறு மலைகளில் வெவ்வேறு பாறைகளில் பிறந்த கற்கள் எல்லாம் ஒரே சரளையில் வந்து படுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஒரே குழியில் நீலக்கல்லும் ஸ்பினலும் சிர்கானும் கார்னெட்டும் டூர்மலினும் சேர்ந்து வரும் ஊர் உலகத்தில் அதிகம் இல்லை.

நான் வந்ததும் அதற்காகத்தான். சிவப்பு என்றால் மாணிக்கம், நீலம் என்றால் நீலக்கல், மஞ்சள் என்றால் புஷ்பராகம், தேன் நிறம் என்றால் கோமேதகம் என்று நவரத்தினப் பட்டியல் நம் எல்லோர் தலையிலும் நிறத்தை வைத்துத்தான் பதிந்திருக்கிறது. கல் வியாபாரத்தைக் கொஞ்சம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பட்டியலைத் தூக்கிக் கடாசு என்கிறார்கள். ஏன் என்று குழியிலும் தெருவிலும் நின்று பார்க்க வேண்டும்.

செவ்வாய், குருவிட்ட பக்கம் ஒரு குழி

காலையில் ஒரு வயல் வரப்பில் நடந்து குழிக்குப் போனேன். வேலை செய்கிறவர்களில் ஒருவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நல்ல தமிழ் பேசுகிறார். மற்றவர்கள் சிங்களம். அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். "அண்ணே, ஓரத்துல நிக்காதீங்க, மண்ணு ஈரமா இருக்கு" என்பதுதான் முதல் பாடம்.

சதுரக் குழி. நாலு பக்கச் சுவரும் சரியாமல் இருக்க மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே காட்டுப் பெரணி இலைகளைக் கத்தை கத்தையாகத் திணித்திருக்கிறார்கள். ஊறும் தண்ணீர் இலை வழியாகக் கசியும், மண் நின்றுவிடும். அடியில் சேரும் தண்ணீரை ஒரு பம்ப் ஓயாமல் இறைக்கிறது. அது நின்றால் வேலையும் நின்றது.

மேலே வயல் மண், அதற்குக் கீழே களிமண், அப்புறம் மணல். எல்லாவற்றுக்கும் அடியில் சிங்களத்தில் ‘இல்லம’ என்று சொல்லும் சரளை. கல் இருப்பது அந்த அடுக்கில் மட்டும்தான். சில இடத்தில் அது இரண்டு ஆள் ஆழத்தில் வந்துவிடும், சில இடத்தில் 20 மீட்டர் போனாலும் கண்ணில் படாது. இல்லமத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் சுரங்கம் மாதிரிக் குடைந்துகொண்டு போகிறார்கள்.

இங்கே மாதச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் கொஞ்சம் கிடைக்கும். கல் விற்றால் நிலத்துக்காரர், உரிமம் வைத்திருப்பவர், பம்ப் போட்டவர், குழிக்குள் இறங்கியவர்கள் என்று பங்கு பிரியும். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமலும் போகும். 2021-இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டும்போது 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் திரள் கிடைத்தது. அந்தக் கதையை இந்தக் குழியில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்.

மதியத்துக்குமேல் கழுவல். இதைப் பார்க்கத்தான் மூன்று மணி நேரம் சேற்றில் நின்றேன். குவித்து வைத்த சரளையைக் கூம்பு வடிவப் பிரம்புக் கூடையில் அள்ளி, தேங்கிய தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கூடையைச் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். களிமண் கரைந்து ஓடும். லேசான கூழாங்கல் விளிம்புக்கு வந்து வெளியே விழும். கனமானது கூம்பின் நடுவில் இறங்கும். களு கங்கை பல லட்சம் ஆண்டுகளாகச் செய்ததைத்தான் இந்தக் கைகள் இரண்டு நிமிடத்தில் செய்கின்றன.

கழுவிய கூடையை மேஸ்திரி வெயிலுக்கு நேராகச் சாய்த்து வைத்துக் கையால் வழித்துக்கொண்டே போகிறார். அவர் தேடுவது நிறத்தை என்றால் என் கண்ணுக்கும் ஏதாவது பட்டிருக்கும். கூடை முழுக்க ஈரச் சாம்பல், பழுப்பு, கறுப்பு. அவர் சுண்டிவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கல்லை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற வடிவம், எந்தப் பக்கம் திருப்பினாலும் முக்கோண முகம். எண்ணிப் பார்த்தால் எட்டு. ஸ்பினல்! அடுத்தது பீப்பாய் மாதிரி நடுவில் பருத்து இரண்டு முனையும் கூம்பிய துண்டு. முனையிலிருந்து பார்த்தால் ஆறு பக்கம். அது குருந்தம். நீலக்கல்லும் மாணிக்கமும் பிறப்பது இந்தக் குருந்தத்தில்தான். ஆற்றில் உருண்டு முனை மழுங்கியிருந்தாலும் அந்த ஆறு பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. உருண்டையாக, பல முகத்தோடு ரத்தச் சிவப்பில் வந்தது கார்னெட். "நாலு பக்கமா ஆறு பக்கமான்னு பாருங்கண்ணே, கலரு அப்புறம்" என்றார் நம் ஆள்.

அந்தக் குருந்தத் துண்டு கலங்கிய பால் நிறம். தூக்கி எறிவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடியில் செருகிக்கொண்டார். காரணம் வியாழக்கிழமைப் பதிவில்.

புதன், இரத்தினபுரித் தெரு

காலையில் கல் வியாபாரம் நடப்பது தெருவில். கடை இல்லை, மேசை இல்லை. ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள், ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்துப் பிரிக்கிறார், இரண்டு பேர் குனிகிறார்கள், தாள் மறுபடி மடிகிறது. ஒரு வார்த்தை பேசாமல்கூட இது நடக்கும். வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் எல்லாத் தாளும் நம் மூக்குக்குக் கீழே வந்துவிடும்.

ஒரு வயதான முஸ்லிம் வியாபாரி என் தமிழைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி இந்தியாவா? வாங்க, இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க." ‘நானா’ (இங்கே அண்ணன் என்று அர்த்தம்) என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. விற்கிற அவசரம் அவருக்கு இல்லை. ஒரு தாளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். வெளிர் நீலம், கருநீலம், மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, தண்ணீர் மாதிரி நிறமே இல்லாதது, மங்கிய பச்சை. "இதுல நீலக்கல் எத்தனை?" என்றார். எல்லாமே என்பதுதான் பதில். சிவப்பைத் தவிர எந்த நிறக் குருந்தமும் நீலக்கல் கணக்குதான்.

சுத்தமான குருந்தம் வெறும் அலுமினியமும் ஆக்சிஜனும். அதற்கு நிறம் கிடையாது. வளரும்போது உள்ளே புகுந்த கலப்புதான் நிறம் தருகிறது, அதுவும் துளியூண்டு. இரும்பும் டைட்டானியமும் ஜோடியாகச் சேர்ந்தால் நீலம். குரோமியம் நிறைய இருந்தால் சிவப்பு, அதற்குப் பெயர் மாணிக்கம். அதே குரோமியம் கொஞ்சமாக இருந்தால் இளஞ்சிவப்பு. குரோமியத்தோடு இரும்பும் டைட்டானியமும் கலந்தால் ஊதா. மஞ்சளுக்கு இரும்பு காரணமாக இருக்கலாம், படிகத்துக்குள் இருக்கும் சின்னக் குறையும் காரணமாக இருக்கலாம். நம் ஊர்க் கடைகளில் கனக புஷ்பராகம் என்று விற்பது பெரும்பாலும் இந்த மஞ்சள் நீலக்கல்தான். டோபாஸ் என்பது அடிப்படையிலேயே வேறு தாது. பத்து வரை போகும் கடின அளவுகோலில் அது 8, குருந்தம் 9. நாம் ஒரே பெயரில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம், விற்கிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வசதி.

அப்புறம் நானா வேறொரு தாளைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு கல், ஒரு காரட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆரஞ்சா, இளஞ்சிவப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை. திருப்பத் திருப்ப ஒன்று கூடி மற்றது குறைகிறது. பத்பராட்சா. இலங்கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கல்லில் இதற்குத் தனி இடம். எவ்வளவு ஆரஞ்சு, எவ்வளவு இளஞ்சிவப்பு இருந்தால் இந்தப் பெயர் செல்லும் என்பதில் ஆய்வகங்களுக்குள்ளேயே சண்டை. 2001, 2002 வாக்கில் தாய்லாந்திலிருந்து திடீரென்று இந்த நிறத்தில் கல் குவிந்தது. சாதாரணக் குருந்தத்தைப் பெரிலியத்தோடு சேர்த்துக் கடும் சூட்டில் வைத்து நிறத்தை உள்ளே ஏற்றியிருந்தார்கள். கண்ணால் பிரிக்கவே முடியாது. நானா தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் கலரைப் பாத்து வாங்கப்படாது. கடதாசியப் பாத்து வாங்கணும்." கடதாசி என்று அவர் சொன்னது ஆய்வகச் சான்றிதழை.

சிவப்புக்கு இன்னும் மோசமான வரலாறு உண்டு. அடுத்த தாளில் நாலு சிவப்பு. ஒன்று மாணிக்கம், ஒன்று ஸ்பினல், ஒன்று கார்னெட், ஒன்று கண்ணாடி. என் கண்ணுக்கு ஸ்பினல்தான் மிக அழகு, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஸ்பினல் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த வேறொரு ஆக்சைடு, ஆனால் சிவப்புக்கு அதே குரோமியம்தான். ஒரே சாயத்தை இரண்டு துணியில் தோய்த்தால் கண்ணுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? பிரிட்டிஷ் முடியில் இருக்கும் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ ஸ்பினல். மொகலாயப் பேரரசர்களின் பெயர் பொறித்த ‘தைமூர் மாணிக்கம்’, 350 காரட்டுக்கு மேல், அதுவும் ஸ்பினல். அரசர்கள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தும் மாணிக்கம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நானா சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்தார். டைக்ரோஸ்கோப். உள்ளே ஒரு கால்சைட் துண்டு இருக்கிறது, கல்லிலிருந்து வரும் ஒளியை இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மாணிக்கத்தைப் பார்த்தால் இரண்டு சதுரம், ஒன்று ஊதா கலந்த சிவப்பு, இன்னொன்று ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு. ஸ்பினலைப் பார்த்தால் இரண்டு சதுரத்திலும் ஒரே சிவப்பு. கார்னெட்டும் அப்படியே, கண்ணாடியும் அப்படியே. குருந்தத்துக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிந்து இரண்டு நிறமாக வெளியே வருகிறது. ஸ்பினலுக்கும் கார்னெட்டுக்கும் எந்தத் திசையும் ஒன்றுதான், ஒளி பிரியாது. இந்த ஒரு சோதனை அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பல கதைகள் மாறியிருக்கும்.

இன்னொன்று. தெருவில் சின்னப் பையன்கள் ‘இப்பத்தான் குழியில எடுத்தது’ என்று சேறு ஒட்டிய கல்லைக் காட்டுவார்கள். வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் வெளியிட்ட முறையில் உலையில் செய்த குருந்தம் அது, உடைத்து உருட்டிச் சேறு பூசியது. வேதியியல்படி அது நிஜ மாணிக்கம்தான்! கடினமும் 9, எடையும் அதே. லென்ஸில் பார்த்தால் உள்ளே கோடுகள் வளைந்து போகும். மண்ணில் வளர்ந்த கல்லில் கோடுகள் நேராக, கோணமாகத்தான் மடங்கும்.

வியாழன், பட்டறையும் உலையும்

பட்டை தீட்டும் பட்டறை ஒரு வீட்டுத் திண்ணை. பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, வில் மாதிரி ஒரு கம்பை வலது கையால் முன்னும் பின்னும் இழுக்கிறார், சாணைச் சக்கரம் சுழல்கிறது. இடது கையில் அரக்கில் ஒட்டிய கல். பக்கத்து அறையில் மோட்டார் வைத்த இயந்திரங்களும் உண்டு, ஏற்றுமதிக் கல் அதில்தான். ஆனால் பெரிய, விலையுள்ள துண்டுக்கு முதல் முகத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது இவர்.

அந்த முடிவு ஏன் முக்கியம்? நீலக்கல்லை ஆறு பக்க முனை வழியாகப் பார்த்தால் ஊதா சாய்ந்த நல்ல நீலம். பக்கவாட்டில் பார்த்தால் பச்சை கலந்த சோகை நீலம். நேற்றுக் குழாயில் பார்த்த இரண்டு நிறம் இங்கே காசாக மாறுகிறது. முனைத்திசை மேல்முகத்துக்கு வரும்படி வெட்டினால் நிறம் கூடும், ஆனால் எடை வீணாகலாம். விலையோ காரட் எடைக் கணக்கில். அதனால் இலங்கை வெட்டில் அடிவயிறு பெருத்த கற்கள் நிறைய. இலங்கை நீலத்தில் நிறம் கல் முழுக்கச் சீராகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் திட்டாக இருக்கும். அந்தத் திட்டைக் கல்லின் அடிமுனையில் வைத்து வெட்டினால் மேலிருந்து பார்க்கும்போது முழுக்கல்லும் நீலம். பெரியவர் ஒரு கல்லைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் காட்டினார். முக்கால்வாசி வெள்ளைக் கல், அடியில் ஒரு பொட்டு நீலம். நேராக நிமிர்த்தினார், நீலக்கல். கண்கட்டு வித்தை மாதிரி இருந்தாலும் இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, இதற்குப் பெயர் தொழில்.

அங்கிருந்து உலை. செவ்வாய்க்கிழமை மேஸ்திரி மடியில் செருகிய பால் நிறக் கல்லுக்கு இங்கே ‘கெவுட’ என்று பெயர். ரொம்ப காலம் இதை யாரும் சீந்தவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவு விலைக்கு வாங்கிக்கொண்டு போனபோதும் இங்கே யாருக்கும் விஷயம் புரியவில்லை. பால் மாதிரித் தெரிவது உள்ளே இருக்கும் நுண்ணிய ரூட்டைல் ஊசிகள், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. கல்லை 1600 டிகிரிக்கு மேலே, ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடாக்கினால் ஊசிகள் கரைந்து டைட்டானியம் கல்லுக்குள் இறங்கும். அங்கே ஏற்கெனவே இரும்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நேற்றே எழுதியாயிற்று. கலங்கலும் போய், நீலமும் வந்துவிடும்.

இளஞ்சிவப்புக்கும் மாணிக்கத்துக்கும் இன்னும் பழைய முறை இருக்கிறது. சிரட்டைக் கரி நெருப்பில் கல்லை வைத்து ஊதுகுழலால் மணிக்கணக்கில் ஊதுகிறார்கள். சிவப்புக்குள் கறைபோல ஒட்டியிருக்கும் நீலச்சாயல் அந்தச் சூட்டில் விலகும். ஒரே மனிதர் மூச்சு விடாமல் ஊதுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டே இருக்கிறார், காற்று நடுவில் அறுபடவே இல்லை.

சூடாக்கிய கல்லை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. உலகச் சந்தையில் இருக்கும் நீலக்கல்லில் பெரும்பகுதி இப்படித்தான். சூடாக்கியதைச் சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று.

எல்லா ஊசியையும் கரைத்துவிடவும் கூடாது. அந்த ரூட்டைல் ஊசிகள் படிகத்துக்குள் மூன்று திசையில் ஒழுங்காக அடுக்கியிருந்தால், குமிழ் மாதிரி வழித்த கல்லின் உச்சியில் ஆறு கதிர் நட்சத்திரம் எழும். ஒற்றை விளக்கு போதும், டியூப் லைட்டில் தெரியாது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 காரட் ‘இந்திய நட்சத்திரம்’ இலங்கையில் பிறந்தது, பெயரை மட்டும் இந்தியா தட்டிக்கொண்டு போய்விட்டது. 1964-இல் திருடு போய் அடுத்த ஆண்டு திரும்பக் கிடைத்ததும் அதுதான்.

மாலையில் ஒரு கல் காட்சியகம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மங்கிய ஊதாக் கல்லின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். டாஃபைட். 1945-இல் டப்ளினில் டாஃப் என்ற ரத்தினவியலாளர் பழைய நகைக் கற்களை வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கல் நிறம், பளபளப்பு எல்லாம் ஸ்பினல். ஆனால் லென்ஸில் பார்த்தபோது பின்பக்கத்து விளிம்புகள் லேசாக இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் ஒளி பிரியவே பிரியாதே! அனுப்பிச் சோதித்தால் அதுவரை உலகம் அறியாத தாது. பட்டை தீட்டிய கல்லிலிருந்து முதலில் அடையாளம் காணப்பட்ட தாது அது. இலங்கைச் சரளையில் பிறகு இன்னும் சில கிடைத்தன. அதற்கு முன்னால் எத்தனை டாஃபைட் ஸ்பினல் என்ற பெயரில் மோதிரத்தில் ஏறிப் போயிருக்குமோ. பக்கத்திலேயே சிங்களைட், பழுப்புப் பெரிடாட் என்று நினைத்து 1952 வரை விற்றுக்கொண்டிருந்தது. எகனைட், எகநாயக்க என்ற இலங்கை ரத்தினவியலாளர் 1953-இல் கண்டெடுத்தது. பச்சையாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, தோரியம் உள்ளதால் கதிரியக்கம் உண்டு, மோதிரத்துக்கு ஆகாது.

வெள்ளி, மீட்டியாகொடை

இரத்தினபுரியிலிருந்து பாணந்துறைக்கு இறங்கி, கடலோர ரயிலில் அம்பலாங்கொடை வந்து, ஆட்டோவில் மீட்டியாகொடை. சந்திரகாந்தக் கல்லுக்குப் பெயர்போன ஊர். இங்கே சரளை கிடையாது. மக்கி வெள்ளைக் களிமண்ணாகிவிட்ட பாறைக்குள்ளேயே கல் இருக்கிறது. தோண்டி எடுக்கும்போது சுண்ணாம்பு அப்பிய கட்டி, கழுவினால் கலங்கிய கண்ணாடி.

இதில் நிறம் என்று ஒன்றுமே இல்லை. கல்லைச் சாய்க்கும்போது மேலே ஒரு நீலம் நீந்திப் போகிறது, நிமிர்த்தினால் காணோம். ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவின் இரண்டு வகைகள் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருப்பதால் ஒளி சிதறுகிறது. அடுக்கு மிக மெல்லியதானால் நீலம், தடித்தால் வெள்ளை. மீட்டியாகொடைக்குப் பெயர் வந்தது அந்த நீலத்தால். கடினம் 6-ஐச் சுற்றித்தான். இரண்டு திசையில் எளிதாகப் பிளக்கும். தினமும் போடும் மோதிரத்துக்கு வேண்டாம், காதுக்கோ கழுத்துக்கோ போடலாம். இங்கே சுற்றுலாக்காரர்களுக்குச் சுரங்கம் காட்டிவிட்டு அப்படியே கடைக்குள் தள்ளுகிறார்கள். நான் சீக்கிரமே கழன்றுகொண்டேன்.

சனி, பேருவளை

சீனன்கோட்டைச் சந்தை சனிக்கிழமை களைகட்டும் என்று நானா சொல்லியிருந்தார். அவருடைய மைத்துனர் இங்கே ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வாங்குகிறார். இரத்தினபுரியில் தெருவில் நடப்பது இங்கே அறைக்குள் நடக்கிறது. முழுத்தமிழ், எனக்கு வீடு மாதிரி இருந்தது. தரகர்கள் வரிசையாக வந்து தாளை வைக்கிறார்கள், அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ஓரமாக வைக்கிறார். உண்மையில் விலை ஒத்துப் போனது அரிது.

முதலில் கோமேதகம் இரண்டு. ஒன்று ஹெசோனைட் கார்னெட், இன்னொன்று அதே தேன் நிறத்தில் சிர்கான். லென்ஸில் ஹெசோனைட்டின் உட்புறம் தெளிவாகவே இல்லை, சர்க்கரைப்பாகில் தண்ணீர் ஊற்றியதுபோல் அலை அலையாக நெளிகிறது. அந்த நெளிவுதான் அதற்கு அடையாளம். சிர்கானில் உள்ளே பார்த்தால் ஒவ்வொரு விளிம்புக் கோடும் இரண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாமல் இரண்டு. ஒளியை அந்த அளவுக்குப் பிரிக்கும் கல் இது. வைரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் வண்ணச் சிதறலும் இதற்கு உண்டு. நிறமில்லாத சிர்கானை மாத்தறை வைரம் என்றே ஒரு காலத்தில் விற்றார்கள். ஆனால் விளிம்பு எளிதில் நொறுங்கும், ஒரே தாளில் நாலு சிர்கானை மடித்து வைத்தால் ஒன்றையொன்று உரசித் தேய்த்துவிடும். இங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள்.

வைடூரியம் இந்த ஊரின் பெருமை. கிரிசோபெரில் என்ற தாது, கடினம் எட்டரை, குருந்தத்துக்கு அடுத்த படி. நுண்ணிய ஊசிகள் எல்லாம் ஒரே திசையில் இருப்பதால் நட்சத்திரம் வராமல் ஒற்றைக் கோடு எழுகிறது. மைத்துனர் ஒரு கல்லை டார்ச்சுக்குக் குறுக்கே பிடித்துக் காட்டினார். கோட்டுக்கு ஒரு பக்கம் பால் வெள்ளை, மறுபக்கம் தேன் மஞ்சள். கல்லைச் சுழற்றினால் இரண்டும் இடம் மாறுகின்றன. கோடு நடுவில் நேராக, கூர்மையாக, விட்டுவிட்டு வராமல் இருந்தால்தான் விலை. குவார்ட்ஸிலும் இதே மாதிரிக் கோடு வரும். கையில் தூக்கிப் பார்த்தாலே அது லேசு.

கடைசியாக அலெக்ஸாண்டிரைட். அதுவும் கிரிசோபெரில்தான், ஆனால் குரோமியம் கலந்தது. சன்னலோரத்தில் பழுப்பு கலந்த பச்சை. மேசை விளக்கைப் போட்டார், ஒயின் சிவப்பு. இந்தக் கல் சிவப்பையும் பச்சையையும் கிட்டத்தட்டச் சரிசமமாக வெளியே விடுகிறது. பகல் வெளிச்சத்தில் பச்சைப் பங்கு அதிகம், குண்டு பல்பில் சிவப்புப் பங்கு அதிகம், தராசு அதற்கேற்றபடி சாய்கிறது. எல்லா இடத்திலும் எல்இடி வந்துவிட்டதால் இந்த மாற்றம் பல கடைகளில் ஒழுங்காகத் தெரிவதே இல்லை. அதற்காகவே மைத்துனர் மேசையில் பழைய குண்டு பல்பு ஒன்றை விடாமல் வைத்திருக்கிறார்.

"அப்ப நிறம் மாறினா அலெக்ஸாண்டிரைட்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய கல்லை எடுத்துப் போட்டார், பத்துக் காரட்டாவது இருக்கும். பகலில் சாம்பல் நீலம், பல்பில் ஊதா. வனேடியம் கலந்து உலையில் செய்த குருந்தம். கடலோர விடுதிகளுக்குப் பக்கத்தில் இதைத்தான் அலெக்ஸாண்டிரைட் என்று விற்கிறார்களாம். "பத்துக் காரட்டுல நல்லது இருந்தா நான் ஏன் தம்பி இந்த ரூமுக்குள்ள இருக்கேன்?"

நான் வாங்கியது ஒரு காரட்டுக்கும் குறைவான ஸ்பினல், சாம்பல் ஊதா. டைக்ரோஸ்கோப்பில் இரண்டு சதுரமும் ஒரே நிறம்தான் என்பதை மைத்துனர் என்னையே பார்க்க வைத்துவிட்டுத்தான் விலை பேசினார். விளிம்பு இரட்டையாகத் தெரிகிறதா என்று லென்ஸில் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பித் தேடினேன். "டாஃபைட்டா இருந்தா ஒங்களுக்கு ஏன் குடுக்கிறன்?" என்று கேட்டுவிட்டு, தாளின் மேல் மூலையில் எடையை எழுதி மடித்துக் கையில் கொடுத்தார்.